மாறியால் எப்போது வகுக்கலாம்?

ய² = 5ய. இரண்டு பக்கமும் ஒரு ய இருக்கிறது; அடித்துவிட்டால் ய = 5, கணக்கு முடிந்தது. விடை தவறில்லை, ஆனால் பாதிதான். ய-வுக்கு 0 போட்டுப் பாருங்கள்: 0 = 0, அதுவும் பொருந்துகிறது. வகுத்த கணத்தில் அந்தத் தீர்வு கழன்று விழுந்துவிட்டது. இந்தத் தவறு லேசில் அகப்படாது. கிடைத்த 5-ஐப் பிரதியிட்டுச் சரிபார்த்தால் சரியாகவே வரும். இல்லாமல் போன தீர்வைச் சரிபார்க்க யாருக்கும் தோன்றாது.

வகுத்தல் என்பது பெருக்கியதைப் பின்னோக்கி அவிழ்ப்பது. வெவ்வேறு எண்களை 3-ஆல் பெருக்கினால் விடைகளும் வெவ்வேறாகவே இருக்கும். அதனால் எதைப் பெருக்கினோம் என்று திரும்பக் கண்டுபிடிக்கலாம். 0-ஆல் பெருக்கினால் 7-உம் 12-உம் ஒரே 0 ஆகிவிடுகின்றன. அவிழ்க்க வழியே இல்லை. ஆகவே மாறியால் வகுக்கும்போதெல்லாம் ‘இது பூச்சியம் அல்ல’ என்றொரு வரியை எழுதாமலே சேர்த்துவிடுகிறோம். அந்த வரிக்கு ஆதாரம் இருந்தால் தாராளமாக வகுக்கலாம்.

சில நேரம் ஆதாரம் கணக்கின் பொருளிலேயே இருக்கும். விழும் பொருளின் நிலை ஆற்றலையும் இயக்க ஆற்றலையும் சமப்படுத்தும்போது இருபுறமும் நிறை வருகிறது. நிறை பூச்சியமான கல் கிடையாது, வகுத்துவிடலாம். நீளம், ஒருவரின் வயது போன்றவையும் பெரும்பாலும் இப்படித்தான்.

சில நேரம் சமன்பாடே ஆதாரம் தரும். ய⁴ − 5ய³ + 8ய² − 5ய + 1 = 0 என்பதில் ய = 0 என்றால் 1 = 0 என்று வரும்; அது நடக்காது. எனவே ய² -ஆல் அச்சமின்றி வகுத்து, ய + 1/ய என்பதை ர என்று வைத்தால், ர² − 5ர + 6 = 0. ர = 2 அல்லது 3. முதலாவதிலிருந்து ய = 1, இரண்டாவதிலிருந்து ய = (3 ± √5)/2. வகுக்காமல் இதை இவ்வளவு எளிதாக உடைப்பது கடினம். ஆகவே ‘மாறியால் வகுக்கவே கூடாது’ என்ற கறார் விதி நல்ல கருவியைப் பூட்டி வைப்பதாகும்.

முக்கோணவியலில் இரண்டு வகையும் அருகருகே நிற்கும். சைன் ய = 3 காஸ் ய என்றால் காஸ் ய -ஆல் வகுத்து டேன் ய = 3 என்று எழுதலாம்: காஸ் பூச்சியமானால் சைனும் பூச்சியமாக வேண்டும், ஆனால் இரண்டின் வர்க்கங்களைக் கூட்டினால் எப்போதும் 1. மாறாக, 2 சைன் ய காஸ் ய = சைன் ய என்பதில் சைனை அடித்தால் 60°, 300° மட்டும் மிஞ்சும்; 0°, 180° இரண்டும் போய்விடும்.

ஆதாரம் எதுவும் இல்லையா? எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவந்து காரணிப்படுத்துங்கள்: ய(ய − 5) = 0. பெருக்கல் பூச்சியமென்றால் காரணிகளில் ஒன்றாவது பூச்சியம். அல்லது கணக்கை இரண்டாகப் பிரித்து, வகுக்கப்போகும் கோவை பூச்சியமானால் என்ன ஆகும் என்று முதலில் பார்த்துவிட்டு, பிறகு வகுங்கள். கோவை நீளமாக இருந்தாலும் முறை இதுதான். (ய − 3)(ய + 1) = 2(ய − 3) என்பதில் ய = 3 ஒரு தீர்வு; அதைக் குறித்துக்கொண்டு வகுத்தால் மற்றது ய = 1.

தெரிந்தே ஒரு தீர்வைக் கைவிடுவதும் உண்டு. இரண்டு பொருள்களின் மீட்சி மோதலில் உந்தம், இயக்க ஆற்றல் இரண்டின் அழியாமையும் இப்படி வரும் (நி என்பது நிறை, உ மோதலுக்கு முந்தைய திசைவேகம், வ பிந்தையது):

நி₁(உ₁ − வ₁) = நி₂(வ₂ − உ₂)
நி₁(உ₁² − வ₁²) = நி₂(வ₂² − உ₂²)

இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் உ₁ + வ₁ = வ₂ + உ₂ என்ற அழகான சமன்பாடு கிடைக்கிறது. வகுத்ததில் போனது உ₁ = வ₁, அதாவது பொருள்களின் திசைவேகம் மாறவே இல்லை என்ற தீர்வு. அது மோதல் நிகழாத நிலை. மோதின என்று நமக்குத் தெரியும் என்பதால் அதைத் தள்ளலாம். பாடநூல்கள் இந்த வரியைச் சொல்லிவிட்டு வகுத்தால் நன்றாக இருக்கும்.

அசமன்பாடுகளில் பூச்சியம் அல்ல என்று தெரிந்தால் மட்டும் போதாது, குறியும் தெரிய வேண்டும். எதிர்ம எண்ணால் வகுத்தால் < என்பது > ஆகத் திரும்பும். ய² < 5ய என்பதை வகுத்து ய < 5 என்று எழுதினால் −1-உம் தீர்வாகிவிடும். ஆனால் 1 < −5 என்பது பொய். ய நேர்மமானால் ய < 5. எதிர்மமானால் ய > 5 என்ற முரண்பாடு. பூச்சியமானால் 0 < 0, அதுவும் இல்லை. விடை 0 < ய < 5.

பூச்சியம் மட்டுமே ஆபத்து என்பது கூட நாம் பழகிய எண்களுக்குத்தான் பொருந்தும். 12-ஆல் வகுக்க வரும் மீதிகளை மட்டும் வைத்துக் கணக்கிட்டால், 4ய-வின் மீதி 8 என்பதற்கு ய = 2 மட்டுமல்ல, 5, 8, 11 ஆகியவையும் தீர்வுகள். 4 பூச்சியம் அல்ல. ஆனாலும் 4 × 3-இன் மீதி 0. இங்கே தயங்காமல் வகுக்கத் தகுந்தவை 12-உடன் பொதுக் காரணி இல்லாத 1, 5, 7, 11 மட்டும்.