சந்தா கட்ட வராத பெண்ணுக்கு அபராதம் போடும் முன்

மகளிர் குழுக் கூட்டமைப்புகளுக்குச் சட்ட வகுப்பு எடுக்கப் போனால் நான் முதலில் கேட்டு வாங்கிப் பார்ப்பது வருகைப் பதிவேட்டைத்தான். வக்கீலுக்கு எதற்கு இந்த நோட்டு என்று, குழுக்களை வழிநடத்தும் ஊக்குநர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். ஒழுங்காக வந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் திடீரென்று இரண்டு கூட்டத்துக்கு வரவில்லை. சந்தாவைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்தனுப்புகிறார். அடுத்த மாதம் அதுவும் நின்றுவிடுகிறது. குழு என்ன செய்யும்? விதிப்படி அபராதம் போடும். போடட்டும், தப்பில்லை. அதற்கு முன்னால் ஒருமுறை அந்த வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்பதுதான் என் முதல் பாடம். கன்றிப்போன முகத்தோடு கூட்டத்தில் வந்து உட்கார யாருக்கு மனம் வரும்? வீட்டுக்குள் நடக்கும் அடிதடி காவல் நிலையத்துக்குத் தெரியவருவதற்கு வெகுநாள் முன்பே குழுவின் நோட்டில் தெரிந்துவிடுகிறது.

தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று (2019-21), தமிழ்நாட்டில் திருமணமான 18 முதல் 49 வயதுப் பெண்களில் ஏறக்குறைய 38 சதவீதம் பேர் கணவரின் வன்முறையை எப்போதாவது அனுபவித்திருக்கிறார்கள் என்கிறது. இந்திய அளவில், வன்முறைக்கு ஆளான பெண்களில் உதவி தேடிப் போனவர்கள் 14 சதவீதம் பேர்தான். நான்கில் மூன்று பேருக்கு மேல் யாரிடமும் வாயே திறக்கவில்லை. குடும்ப வன்முறைச் சட்டப்படி உதவ வேண்டிய பாதுகாப்பு அலுவலர் மாவட்டத் தலைநகரில் இருக்கிறார். மகளிர் காவல் நிலையத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். வாய் திறக்காத பெண் அங்கெல்லாம் போக மாட்டார். அவரைத் தேடிப் போகக்கூடிய தூரத்தில் இருப்பவர்கள் குழுப் பெண்கள் மட்டுமே.

இந்தக் குழுக்கள் வன்முறையைத் தடுக்கத் தொடங்கப்பட்டவை அல்ல. 1989இல் தர்மபுரியில் பன்னாட்டு நிதியுதவியோடு ஆரம்பித்தபோது நோக்கம் சேமிப்பும் கடனும். பிறகு மகளிர் திட்டமாகி மாநிலம் முழுக்கப் பரவி, ஊராட்சி அளவில் கூட்டமைப்புகளாகச் சேர்ந்தன. ஆனால் கடனோடு சேர்ந்து வேறொன்றும் வந்தது. ஆட்டுக்கும் மாட்டுக்கும் பிள்ளையின் ஃபீஸுக்கும் வங்கிப் பணம் அந்தப் பெண்ணின் பெயரில், குழுவின் பொறுப்பில் வருகிறது. மாமியாரை மதிக்காத, இன்ஸ்பெக்டரைச் சரிக்கட்டத் தெரிந்த ஆள்கூட, அடுத்த கடனுக்குக் கையெழுத்துப் போட வேண்டிய பெண்கள் வாசலில் வந்து நின்றால் குரலைத் தாழ்த்துகிறார். இந்தச் செல்வாக்கை எந்த அரசாணையும் கொடுக்கவில்லை.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. கடன் வாங்கித் தா என்று அடிப்பது, வாங்கிய பணத்தைப் பிடுங்கிக் குடிப்பது, தவணை நாளில் குழு வந்து அவளையே திட்டுவது என்று போகும் வீடுகளும் இருக்கின்றன. அங்கே குழுவும் அவள் கழுத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. தவணையை ஆறு மாதம் தள்ளிவைக்க ஒரு தீர்மானம் போட்டாலே அந்த வீட்டில் பாதிச் சண்டை குறைந்ததைப் பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்குப் போவதிலும் ஒரு முறை இருக்கிறது. பத்துப் பேர் ஊர்வலமாகப் போய்த் தெருவைக் கூட்டினால், அன்று ராத்திரி அடி அவளுக்குத்தான். இரண்டு பேர் போனால் போதும். கணவர் வேலைக்குப் போயிருக்கும் நேரம், பாஸ்புக்கில் கையெழுத்து வேண்டும் என்று ஒரு சாக்கு. ‘உன்னை அடிக்கிறாரா?’ என்று நேரடியாகக் கேட்டால் ‘அதெல்லாம் ஒன்னுமில்லக்கா’ என்றுதான் பதில் வரும். கைதேர்ந்த ஒரு தலைவி கேட்கும் கேள்வியே வேறு: ‘ராத்திரி எங்கம்மா படுக்குற?’ அடுப்பங்கரையில், மாட்டுக் கொட்டகையில், பிள்ளைகளோடு பக்கத்து வீட்டுத் திண்ணையில் என்று பதில் வரும்போது மீதிக் கதையும் தானாக வரும். போகும்போதே சில காகிதங்களைப் பற்றியும் அவர் கேட்டுவிடுவார். ஆதார், ரேஷன் கார்டு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம். நகல் எடுத்துக் கூட்டமைப்பு அலுவலகப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவது வழக்கம். கோபத்தில் கிழித்தும் எரித்தும் போடப்படுபவை இவைதான்.

அடிபட்டு அரசு மருத்துவமனைக்குப் போனால் உடன் போகிறவருக்கு ஒரு வேலை உண்டு. ‘கீழே விழுந்துட்டேன்’ என்று அந்தப் பெண் சொல்ல விடக் கூடாது. எப்படி அடிபட்டது என்று கேட்டு மருத்துவர் விபத்துப் பதிவேட்டில், ஆஸ்பத்திரி பாஷையில் ஏ.ஆர்., எழுதும் ஒரு வரி, ஒரு வருடம் கழித்து நீதிமன்றத்தில் என் வாதத்தைவிட அதிகம் பேசும். ஓ.பி. சீட்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள்.

காவல் நிலையத்தில் மனுவை இரண்டு நகலாகக் கொடுத்து, மனு ஏற்புச் சீட்டு, அதாவது சி.எஸ்.ஆர்., வாங்காமல் வெளியே வரக் கூடாது. பல நிலையங்களில் ‘கூப்பிட்டுப் பேசி அனுப்புறோம்’ என்று வாய்வார்த்தையோடு முடித்துவிடுவார்கள். சீட்டு இருந்தால் அடுத்த வாரம் போய் ‘இந்த நம்பர் மனு என்ன ஆச்சு சார்?’ என்று கேட்கலாம். கொடுங்காயம், வரதட்சணைக் கொடுமை போன்ற, பிடியாணை இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றங்களில் முதல் தகவல் அறிக்கை பதிவது காவல் துறையின் கடமை. நம்ம எல்லை இல்லை என்று திருப்பி அனுப்பவும் முடியாது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவு, எந்த நிலையத்திலும் புகாரை வாங்க வேண்டும் என்கிறது. கணவரும் அவர் வீட்டாரும் செய்யும் கொடுமைக்கான பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 498ஏ, இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 85, 86 ஆகியிருக்கிறது. எண்தான் மாறியிருக்கிறது, குற்றம் அதேதான்.

பெண்கள் அதிகம் தயங்குவது ஒரே காரணத்துக்காக: ‘புருஷனை ஜெயிலுக்கு அனுப்பிட்டா பிள்ளைங்க கதி?’ குடும்ப வன்முறைச் சட்டம், 2005, இந்தக் கவலைக்காகவே எழுதப்பட்டது போல இருக்கிறது. அதன்படி நீதித்துறை நடுவரிடம் மனுப் போட்டால் முதலில் கிடைப்பவை உத்தரவுகள். அடிக்கக் கூடாது, வீட்டை விட்டு வெளியேற்றக் கூடாது, மாதம் இவ்வளவு செலவுக்குக் கொடு, பிள்ளைகள் தாயிடம் இருக்கட்டும் என்பன போல. அவசரமென்றால் எதிர்த்தரப்பு வராமலே இடைக்கால உத்தரவு தரவும் 23ஆம் பிரிவில் இடமுண்டு. பாதுகாப்பு உத்தரவை மீறினால்தான் ஓராண்டு வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வீடு கணவர் பெயரில் இருக்கிறதா, மாமனார் பெயரில் இருக்கிறதா என்பது குடியிருக்கும் உரிமைக்குத் தடையில்லை. மனைவிக்கு மட்டுமான சட்டமும் இல்லை இது. விதவையான மருமகள், திருமணமாகாத தங்கை, வயதான தாய் எல்லோரும் இதில் வருவார்கள். பாதிக்கப்பட்டவர் தானே போய்ச் சொல்ல வேண்டியதும் இல்லை. 4ஆம் பிரிவின்படி யார் வேண்டுமானாலும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம். நல்லெண்ணத்தோடு தந்த தகவலுக்காக அவர்மீது சிவில் வழக்கோ கிரிமினல் வழக்கோ வராது. கூட்டமைப்புத் தலைவிகளுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்லும் பிரிவு இதுதான்.

மனுவை அறுபது நாளில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நீதிமன்ற வராண்டாவில் நின்றவர்களுக்கு உண்மை தெரியும். வாய்தாவுக்கு மேல் வாய்தா. கூலியை விட்டுவிட்டுக் கைக்குழந்தையோடு தனியாக வந்து போகும் பெண், நாலைந்து வாய்தாவுக்குள் எதற்காவது தலையாட்டிவிடுகிறார். கூடவே ஒரு குழு அக்கா வந்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் வழக்குகள் அவ்வளவு சீக்கிரம் சாய்வதில்லை. வக்கீல் கட்டணம் ஒரு தடையே இல்லை. 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. 15100க்கு அழைக்கலாம். உடனடி உதவிக்கு மகளிர் உதவி எண் 181. தங்குமிடம், ஆலோசனை, மருத்துவம் எல்லாவற்றுக்கும் மாவட்டத்தில் ஒருங்கிணைந்த சேவை மையம் இருக்கிறது. வட்டார அளவில் வானவில் மையங்கள் என்ற பாலின வள மையங்களும் வந்திருக்கின்றன.

எழுதி வைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. பார்த்ததை அன்றே தேதியோடு எழுதுங்கள். ‘இடது கண்ணுக்குக் கீழே வீக்கம், மேல் கையில் நகக்கீறல், நாங்கள் இருவரும் பார்த்தோம்’ என்று எழுதினால் அது சாட்சியம். ‘அவன் மோசமானவன்’ என்று எழுதினால் அது கருத்து, குறுக்கு விசாரணையில் ஒரு நிமிடம் தாங்காது. எழுதும் இடம் தீர்மானப் புத்தகமாக இருக்க வேண்டாம். அந்தப் புத்தகம் வங்கிக்கும் தணிக்கைக்கும் போய்வரும், வழியில் நாலு பேர் படிப்பார்கள். இதற்கென்று தனி நோட்டு, ஒரே சாவி.

இனி எனக்குக் கவலை தரும் விஷயம். செல்வாக்கு கூடக் கூட, சில கூட்டமைப்புகள் தாங்களே தீர்ப்புச் சொல்ல ஆரம்பித்துவிடுகின்றன. இருவரையும் உட்காரவைத்து, ‘நீ குடிக்காதே, நீ எதிர்த்துப் பேசாதே’ என்று ஆளுக்குப் பாதி பழியைப் பிரித்துக் கொடுத்து, முத்திரைத்தாளில் எழுதி வாங்கி அனுப்பிவிடுகிறார்கள். ஆண்கள் நடத்தும் கட்டப் பஞ்சாயத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. அந்தத் தாளை வைத்து அந்தக் கணவரை யாரும் கட்டுப்படுத்த முடியாது. முன்பு அடித்ததை அவரே ஒப்புக்கொண்டதற்கு ஆதாரமாக வேண்டுமானால் பிறகு பயன்படும். பேச்சுவார்த்தையே வேண்டாம் என்று சொல்லவில்லை. அவளே கேட்டால் பேசலாம். பேசிய பிறகும் வாரம் ஒருமுறை யாராவது போய்ப் பார்க்கிறார்களா என்பதுதான் கேள்வி.

பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை என்றால் பேச்சுக்கே இடமில்லை. பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்ததும் ‘அவனையே கட்டிவெச்சிடலாம், ஒரே ஜாதிதானே’ என்று முதலில் சொல்வது சில நேரம் கூட்டமைப்புப் பெண்ணாகவே இருக்கிறார். நல்லது செய்வதாகத்தான் நினைக்கிறார். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டம், 2012, பிரிவு 19இன்படி தெரிந்தவர் கட்டாயம் புகார் தர வேண்டும். மறைத்தால் பிரிவு 21இல் ஆறு மாதம் வரை சிறை. அந்தப் பிள்ளையின் பெயரையோ படத்தையோ ஊக்குநர்கள் வாட்ஸ்அப் குழுவில் போடுவதும் ஆபத்து. அடையாளம் வெளிப்படக் கூடாது. வாக்குமூலம் வாங்கப் பிள்ளையைக் காவல் நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போக வேண்டாம். வீட்டிலேயே, முடிந்தவரை பெண் உதவி ஆய்வாளர், சீருடை இல்லாமல் வந்து வாங்க வேண்டும் என்பது பிரிவு 24.

குழந்தைத் திருமணத்தில் கூட்டமைப்புக்கு ஒரு தனி வசதி. கல்யாணக் கடன் கேட்டு மனு அவர்களிடம்தான் வரும்! மணப்பெண்ணின் பிறந்த தேதியைக் கடன் படிவத்தில் ஒரு கட்டமாகச் சேர்த்துவிடுங்கள் என்று சொல்லி வருகிறேன். குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கோ, குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலரான மாவட்ட சமூக நல அலுவலருக்கோ சொன்னால் கல்யாணம் நிற்கும். நடுவரிடம் தடையுத்தரவும் வாங்கலாம். அதை மீறி நடந்த திருமணம் செல்லாது. நின்ற கல்யாணம் அடுத்த முகூர்த்தத்தில் வேறு ஊர்க் கோயிலில் நடந்துவிடுவதும் உண்டு. ஆகவே நிறுத்தியதோடு வேலை முடியாது, பிள்ளை பள்ளிக்கு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அப்பாவிடம் பேசப் போகும்போது சட்டத்தைவிடப் புதுமைப் பெண் திட்டம் நன்றாக எடுபடுகிறது. ஒருகாலத்தில் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் தாலிக்குத் தங்கம் கொடுத்த திட்டம், 2022இல், அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் என்று மாறியிருக்கிறது.

ஜாதியைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. காலனிப் பெண்ணுக்கு ஊர்த்தெரு ஆள் கொடுமை செய்தால், அதுவரை வீராவேசமாகப் பேசிய கூட்டமைப்பு மௌனமாகிவிடுவதைக் கண்டிருக்கிறேன். அடித்தவர் தலைவியின் சொந்தத் தம்பி என்றாலும் இதே கதைதான். இதற்கு எனக்குத் தெரிந்த ஒரே வழி, பக்கத்து ஊராட்சிக் கூட்டமைப்பிலிருந்து ஆட்களை வரவழைப்பது. பட்டியலினப் பெண் என்றால் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையும் சேர்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். அப்போது டி.எஸ்.பி. நிலை அதிகாரி விசாரிக்க வேண்டிவரும், உள்ளூர் நிலையத்தோடு முடியாது.

நமக்கு முன்மாதிரிகள் இல்லாமல் இல்லை. குஜராத்தில் மகிளா சமாக்யா என்ற பெண் கல்வித் திட்டத்துப் பெண்கள் 1990களிலிருந்து நடத்திய நாரி அதாலத் என்ற பெண்கள் மன்றம், கேரளத்தில் குடும்பஸ்ரீ மகளிர் குழு அமைப்பின் சினேகிதா உதவி மையங்கள். புதுக்கோட்டையில் ஷரீஃபா கானமும் தோழிகளும் தொடங்கிய பெண்கள் ஜமாத், ஆண்கள் மட்டும் உட்கார்ந்து தலாக்கை முடிவு செய்த இடத்தில் பெண்களுக்கென ஓர் இருக்கையைப் போட்டது. எங்கே, யாரிடம் போய்ச் சொல்வது என்பது பெண்ணுக்கு முன்கூட்டியே தெரிந்திருப்பதுதான் இவற்றில் எனக்குப் பிடித்தது.

நடைமுறையில் இன்னும் ஒன்று. உடன் போகும் அக்காக்கள் தங்கள் கூலியை விட்டு, தங்கள் கையிலிருந்து பஸ் காசு போட்டு எவ்வளவு நாள் அலைவார்கள்? கூட்டமைப்பின் ஆண்டு வரவுசெலவில் கூட்டச் செலவு, எழுதுபொருள், தேநீர் என்று தலைப்புகள் இருக்கின்றன. அதற்குக் கீழே ‘துணைக்குப் போகும் பயணமும் கூலியும்’ என்று ஒரு வரியைச் சேர்த்து, அடுத்த பொதுக்குழுவில் தீர்மானமாக வையுங்கள். யாருக்காகப் போனார்கள் என்று வவுச்சரில் எழுத வேண்டியதில்லை, தேதியும் ஊரும் போதும்.