மணவாளக்குறிச்சி மணலில் தோரியம் ஏன் இன்னும் தீரவில்லை?

குமரி மாவட்டத்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் கடற்கரை மணலில் உள்ள தோரியம் ஓயாமல் சிதைகிறது என்கிறீர்கள். பூமி தோன்றி 450 கோடி ஆண்டுகள் ஆகிவிட்டனவே, அது எப்படி இன்னும் மிச்சம் இருக்கிறது?"

மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் என்ற தோரியக் கனிமம் இருப்பதை ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் 1909இல் கண்டறிந்தார். அதிலுள்ள தோரியம்-232இன் அரை ஆயுள், அதாவது அதன் அணுக்களில் பாதி சிதைய ஆகும் காலம், சுமார் 1,400 கோடி ஆண்டுகள். இது பூமியின் வயதைப் போல மூன்று மடங்கு. அதனால் பூமி பிறந்தபோது இருந்த தோரியத்தில் ஏறக்குறைய 80 விழுக்காடு இன்னும் அப்படியே இருக்கிறது.

கணக்கு அவ்வளவுதான். எனக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான் வருகிறது. ஒரு கிராம் தோரியத்தில் நொடிக்கு நொடி சுமார் 4,000 அணுக்கள் சிதைகின்றன. ஏன் அந்த 4,000? பக்கத்து அணு ஏன் தப்பியது? அணுவுக்கு மூப்பு கிடையாது. 450 கோடி ஆண்டுகள் தாங்கிய அணுவும் நேற்று பிறந்த அணுவும் அடுத்த நொடியில் சிதையும் வாய்ப்பு ஒன்றேதான்.

தோரியம் சிதையும்போது அதன் கருவிலிருந்து இரண்டு புரோட்டான்களும் இரண்டு நியூட்ரான்களும் சேர்ந்த ஆல்ஃபா துகள் வெளியேறுகிறது. கருவுக்குள் அணுக்கரு விசை அதை இழுத்துப் பிடிக்கிறது. விளிம்பில், மின் விசையால் எழும் ஒரு அரண் தடுப்பாக நிற்கிறது. அதைத் தாண்ட 25 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட்டுக்கும் (அணு உலகின் ஆற்றல் அலகு) மேல் ஆற்றல் வேண்டும். துகளிடம் இருப்பதோ வெறும் 4. பழைய இயற்பியலின்படி அது என்றைக்கும் வெளியே வரக்கூடாது. அணுக்கருவைக் கண்டறிந்த ரூதர்ஃபோர்டையே குழப்பிய புதிர் இது.

1928இல், 24 வயது இயற்பியலாளர் ஜார்ஜ் காமோ விடை சொன்னார். கர்னி, காண்டன் என்ற இயற்பியலாளர்கள் இருவரும் அதே ஆண்டில் தனியே அதே விடையை அடைந்தார்கள். ஆல்ஃபா துகளுக்கு அலைப் பண்பும் உண்டு. அந்த அலை அரணுக்குள் நுழைந்ததும் வேகமாக மங்கும், ஆனால் முற்றிலும் அழியாது. அதன் மிக மெல்லிய மிச்சம் மறுபுறம் எட்டுகிறது. துகள் அரணுக்கு மேலே ஏறாமல் அதன் ஊடாகவே வந்துவிடுவதற்கு அந்த அளவு வாய்ப்பு உண்டு. இதுவே குவாண்டம் துளைத்தல். துகள் நொடிக்குச் சுமார் 10^21 முறை அரணில் மோதுகிறது. ஒவ்வொரு மோதலிலும் தப்பும் வாய்ப்பு 10^39இல் ஒன்று என்ற அளவில் இருக்கிறது. 1,400 கோடி ஆண்டுகள் இப்படித்தான் வருகின்றன.

ஆற்றல் சற்றுக் கூடினாலும் கடக்க வேண்டிய அரண் மெலிந்துவிடும், மங்கல் வெகுவாகக் குறையும். தோரியம் படிப்படியாக வேறு தனிமங்களாக மாறிச் செல்லும் சிதைவு வரிசை ஈயம்-208இல் முடிகிறது. அதற்கு முந்தைய படியில் வரும் பொலோனியம்-212இன் ஆல்ஃபா ஆற்றல் சுமார் 8.8 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட். தோரியத்தைப் போல இரு மடங்கு சொச்சம்தான். ஆனால் அதன் அரை ஆயுள் ஒரு நொடியின் கோடியில் மூன்று பங்கு! ஆற்றல் இரட்டிப்பானதற்கு, ஆயுள் 10^24 மடங்கு சுருங்கிவிட்டது. இயற்கையில் இதைவிட முரட்டுத்தனமான விகிதம் ஒன்றை நான் கண்டதில்லை.

இந்த மோனசைட்டைத் தூளாக்கி, 'எதிர் அயனி' (எதிர்மின்னூட்டம் கொண்ட துகள்) தந்து உடலைக் காக்கும் என்று பதக்கங்களில் வைத்து விற்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு இதில் கோபம் உண்டு. 2021 டிசம்பரில் நெதர்லாந்தின் அணுப் பாதுகாப்பு ஆணையம், 5ஜி அலையைத் தடுப்பதாகச் சொல்லி விற்ற பத்துப் பொருட்கள் கதிரியக்கம் கொண்டவை என்று கண்டறிந்து, அவற்றை அணிய வேண்டாம் என எச்சரித்தது. ஆல்ஃபா துகளைத் தோலின் மேலடுக்கே நிறுத்திவிடும். ஆனால் தோரியம் சிதைந்து உண்டாகும் வாரிசுகள் பீட்டா, காமா என்ற, இன்னும் ஆழமாக ஊடுருவும் கதிர்களை உமிழ்கின்றன. அவற்றில் தாலியம்-208இன் காமா கதிர் உடலையே ஊடுருவிச் செல்லக்கூடியது. அப்படி ஒரு பதக்கம் கழுத்தில் இருந்தால் இன்றே கழற்றிவிடுங்கள்.