விரலால் அமுக்கிப் பார்த்து ஃபோம் வாங்காதீர்கள்

ஃபோம் வாங்க வருகிற யாரும் முதலில் கட்டை விரலால் ஓர் அமுக்கு அமுக்குவார்கள். விரல் பதிந்து மெல்ல எழும்பினால் "நல்ல ஃபோம்" என்பார்கள், விறைப்பாக இருந்தால் "டென்சிட்டி அதிகம்" என்பார்கள். இரண்டு முடிவையும் நம்ப முடியாது. பாலியூரித்தேன் ஃபோமில் இருக்கைகளும் பாதுகாப்புத் திண்டுகளும் வடிவமைப்பது என் தொழில். விரலுக்குத் தெரிவது அந்த நொடியின் மென்மைதான். நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் உடலை அது எப்படித் தாங்கும், மோதலில் என்ன செய்யும், தீயில் என்ன ஆகும் என்பதெல்லாம் விரலுக்கு எட்டாது.

முதலில் டென்சிட்டி. ஒரு கன மீட்டர் ஃபோமின் எடைதான் அது. 40 டென்சிட்டி என்றால் ஒரு கன மீட்டர் 40 கிலோ. கடினத்தன்மை முற்றிலும் வேறு அளவு. 323 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள வட்டத் தகட்டை ஃபோமின் மேல் அழுத்தி, அதன் உயரம் 25 சதவீதம் குறைய எவ்வளவு விசை தேவைப்படுகிறது என்று பார்ப்போம். பிறகு உயரம் 65 சதவீதம் குறையும் வரை இறக்கி மறுபடி அளப்போம். முதல் எண் உட்கார்ந்தவுடன் கிடைக்கும் மென்மையைச் சொல்கிறது, இரண்டாவது எண் ஆழத்தில் கிடைக்கும் தாங்குதலை. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் வரும் விகிதம் பெரிதாக இருந்தால், மேலே மென்மையாகவும் அடியில் உறுதியாகவும் இருக்கும். நல்ல இருக்கைக்கு வேண்டியது அதுதான். ஒரே டென்சிட்டியில் மிருதுவான ஃபோமும் செய்யலாம், விறைப்பான ஃபோமும் செய்யலாம்.

டென்சிட்டி எண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்காதீர்கள். சுண்ணாம்புக்கல் தூளைக் கலந்தால் எடை கூடும், எண் உயரும். ஆனால் தாங்கும் வேலையைச் செய்யும் பாலிமர், அதாவது ஃபோமின் பிளாஸ்டிக் பொருள், கூடுவதில்லை. இதைக் கண்டுபிடிக்க உதவுவது இன்னொரு சோதனை. ஃபோமைப் பாதி உயரத்துக்கு அழுத்தி, 70 டிகிரி வெப்பத்தில் 22 மணி நேரம் வைத்து, விடுவித்தபின் எவ்வளவு உயரம் திரும்பாமல் போகிறது என்று பார்ப்பார்கள். தரம் குறைந்த கலவை இங்கே அகப்பட்டுக்கொள்ளும். மெத்தையோ குஷனோ சில மாதங்களில் குழி விழுமா என்பதற்கு எனக்குத் தெரிந்த நம்பகமான அறிகுறி இந்த எண்தான். கேட்டால் தர வேண்டிய எண்தான் இது. தர மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.

ஒரே பொருளில் இவ்வளவு வேறுபாடு எப்படி வருகிறது? 1937-இல் ஜெர்மனியில் ஓட்டோ பேயரும் அவருடைய குழுவினரும் கண்டறிந்த வேதியியல் இது. பாலியால், ஐசோசயனேட் என்ற இரண்டு ரசாயனங்கள் சேர்ந்து பாலிமர் ஆகின்றன. கலவையில் உள்ள தண்ணீர் ஐசோசயனேட்டோடு வினைபுரிந்து கார்பன் டை ஆக்சைடை வெளியிட, அந்த வாயுதான் ஃபோமைப் பொங்க வைக்கிறது. பாலியாலின் வகை, தண்ணீரின் அளவு, வினையூக்கி என எதை மாற்றினாலும் வேறொரு ஃபோம் பிறக்கும். பாலியெஸ்டர் வகை ஈரத்தில் நாளடைவில் சிதையும், பாலியீதர் வகை ஈரத்தைத் தாங்கும்.

சுகமும் பாதுகாப்பும் ஒரே திசையில் போவதில்லை. என் தொழிலில் மிகக் கடினமான பகுதி இதுதான். இருக்கை செங்குத்தாகக் கீழே விழுந்து மோதி நிற்கும்போது, மிக மென்மையான குஷன் உடலைக் காப்பதற்குப் பதிலாகக் கெடுதல் செய்யும். இருக்கைத் தளம் வேகம் குறைந்து நிற்கத் தொடங்கிய பின்னும் உடல் குஷனுக்குள் அதே வேகத்தில் இறங்கிக்கொண்டிருக்கும். ஃபோம் முழுதும் நசுங்கியதும் மீதி வேகம் அத்தனையும் ஒரே அடியாக முதுகெலும்பில் இறங்கும். அமெரிக்க விமான விதிகளில், இருக்கைச் சோதனையின்போது அதில் உட்கார வைக்கும் மனித உருவப் பொம்மையின் கீழ்முதுகில் வரும் விசை 1,500 பவுண்டைத் தாண்டக் கூடாது. ஏறத்தாழ 680 கிலோ எடை அழுத்துவதற்குச் சமம். குஷனை மாற்றினால் இந்த எண்ணும் மாறிவிடும். 1966-இல் நாசாவின் ஆய்வுக்கூடத்துக்காக சார்லஸ் யோஸ்ட் விமான இருக்கைக்கென உருவாக்கிய ஃபோம்தான் இன்று மெமரி ஃபோம் என்று விற்கப்படுகிறது. மெதுவாக அமர்ந்தால் உடலுக்கு இணங்கும், வேகமாக மோதினால் விறைத்துக்கொள்ளும். குளிரிலும் அது விறைக்கும் என்பதால் எல்லா இடத்துக்கும் ஏற்றதென்று சொல்ல மாட்டேன்.

தலைக்கவசம் அணிபவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இது. உள்ளே தொட்டால் மெத்தென்று இருக்கும் திண்டு பொருத்தத்துக்கும் சுகத்துக்கும் உரியது. உயிரைக் காப்பது அதற்குப் பின்னால் இருக்கும் கெட்டியான, பெரும்பாலும் பாலிஸ்டைரீனால் (தெர்மோகோல் வகைப் பொருளால்) ஆன அடுக்கு. அது நசுங்கி ஆற்றலை வாங்கிக்கொள்ளும், நசுங்கியது மீளாது. வெளியில் கீறல்கூட இல்லாவிட்டாலும் ஒருமுறை பலமாக அடிபட்ட கவசத்தை மாற்றிவிடுங்கள். காரில் குழந்தை இருக்கை வைத்திருப்பவர்கள், "குழந்தைக்கு மெத்தென்று இருக்கட்டும்" என்று முதுகுக்குப் பின்னால் தனியாக ஃபோம் திணிக்காதீர்கள். மோதலில் அந்த ஃபோம் நசுங்கும், குழந்தையைப் பிடித்திருக்கும் பட்டை அந்த அளவுக்குத் தளர்ந்துவிடும்.

சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்குக் குஷன் ஒரு மருத்துவச் சாதனம். கீழுடலில் உணர்வில்லாதவருக்கு எங்கே அழுத்துகிறது என்று தெரியாது, படுக்கைப்புண் வந்த பிறகே தெரியவரும். அவர் குஷனில் அமர்ந்திருக்கும்போது, பார்த்துக்கொள்பவர் உள்ளங்கை மேல்நோக்கி இருக்கும்படி கையைக் குஷனுக்கு அடியில் கொடுத்து, இருக்கை எலும்புகளுக்கு நேர் கீழே விரல்களைச் சற்றுத் தூக்கிப் பாருங்கள். எலும்பு உடனே தட்டுப்பட்டால் ஃபோம் தளர்ந்துவிட்டது. உறை புதிதாகத் தெரிந்தாலும் குஷனை மாற்ற வேண்டியதுதான்.

அடுத்து தீ. இதில் எனக்குச் சமரசமே கிடையாது. 2003-இல் அமெரிக்காவின் ரோட் தீவு மாநிலத்தில் ஒரு இரவு விடுதியில் ஏற்பட்ட தீயில் 100 பேர் இறந்தார்கள். 2013-இல் பிரேசிலின் சாந்தா மரியாவில் 242 பேர். இரண்டு இடத்திலும் ஒலியை அடக்க ஒட்டிய பாலியூரித்தேன் ஃபோமை மேடை வாணவேடிக்கை பற்றவைத்தது. எரியும் ஃபோமிலிருந்து கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் வரும். வாசலைத் தேடும் முன்பே மயக்கம் வந்துவிடும். பொருள்களைப் பொதியும் ஃபோமை ஒலிப்பதிவு அறையின் சுவரிலோ, பயிற்சிக்கூடத்தின் கூரையிலோ ஒட்டாதீர்கள். "தீத்தடுப்பு" என்று அச்சிட்டிருந்தாலும் எரியாது என்று பொருள் இல்லை. சிறு நெருப்பில் பற்றுவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவே. எந்தச் சோதனையில், எந்தப் பயன்பாட்டுக்குத் தேறியது என்று எழுத்தில் கேளுங்கள். இருக்கைக்கான சான்று சுவருக்குச் செல்லாது.

கடைசியாக, ஃபோம் வார்க்கும் கூடங்களிலும் தெளிக்கும் பணியிலும் இருப்பவர்களுக்கு. முழுதும் இறுகிய ஃபோமில் தனியாக ஐசோசயனேட் இருப்பதில்லை, வினை நடக்கும் நேரத்தில் வரும் ஆவியிலும் தெளிப்புத் துளியிலும்தான் ஆபத்து இருக்கிறது. சாதாரண முகக்கவசம் அதைத் தடுக்காது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 ஆகஸ்ட் 24 முதல், பயிற்சி பெறாதவர் இதைத் தொழில்முறையில் கையாளக் கூடாது. அந்தச் சட்டம் இல்லாத இடத்திலும் உங்கள் நுரையீரல் அதே நுரையீரல்தான். ஒருமுறை ஒவ்வாமை ஏற்பட்டுவிட்டால் பிறகு மிகச் சிறிய அளவே ஆஸ்துமாவைக் கிளப்பிவிடும். வேலை முடிந்து சில மணி நேரம் கழித்து, இரவில் நெஞ்சு இறுகுவதும் இருமல் வருவதும் இதன் வழக்கம், அதனால் பலர் வேலையோடு அதைச் சேர்த்துப் பார்ப்பதில்லை. அப்படி வந்தால் மருத்துவரிடம் போகும்போது, நீங்கள் கையாளும் ரசாயனத்தின் பாதுகாப்புத் தகவல் தாளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.