தலைகீழாகப் பிடித்தாலும் வழியாத கருப்பு

கோவையிலிருந்து ஒரு வாசகர் இரண்டு படங்களை அனுப்பியிருந்தார். முதல் படத்தில் டாக்டர் ஆக்டோபஸ், மேசை விளையாட்டுக்கான குட்டி பிளாஸ்டிக் பொம்மை. முதுகிலிருந்து கிளம்பும் இரும்புக் கைகளின் இடுக்குகளில் எல்லாம் கருப்பு வாஷ், அதாவது நிழல் காட்டப் பூசும் நீர்த்த வண்ணம், கச்சிதமாகப் போய் உட்கார்ந்திருக்கிறது, பேனாவால் கோடு போட்ட மாதிரி. இரண்டாவது படத்தில் கேப்டன் அமெரிக்கா. அதே கருப்பு, அதே பிரஷ். ஆனால் மார்பிலுள்ள வெள்ளை நட்சத்திரத்தின் மேல் டீ கிளாஸை வைத்து எடுத்த மாதிரி ஒரு வளையம். "ஒன்றில் பள்ளத்தைத் தேடிப் போகிறது, இன்னொன்றில் ஓரத்தைத் தேடிப் போகிறது. இந்த வாஷுக்கு மூளை ஏதாவது இருக்கிறதா சார்?" என்று கேட்டிருந்தார்.

மூளை இல்லை. ஆனால் அவர் கேட்டது அற்பமான கேள்வியும் இல்லை. அந்த இரண்டு படங்களுக்கும் விடை கண்டுபிடிக்கக் கணித மேதைகளும் இயற்பியலாளர்களும் மாய்ந்திருக்கிறார்கள்.

விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சூப்பர்ஹீரோ பொம்மைகளை மேசைமேல் நிறுத்தி, பகடை உருட்டி மோதவிடும் விளையாட்டுகள் பல உண்டு. 2002இல் வந்த ஹீரோகிளிக்ஸில் பொம்மைகள் வண்ணம் பூசியே வரும். அடிபடும்போது காலடியிலுள்ள வட்டத்தைத் திருகினால் பலம் குறைந்த எண்கள் தெரியும், அவ்வளவுதான். 2019இல் அட்டாமிக் மாஸ் கேம்ஸ் வெளியிட்ட மார்வெல் கிரைசிஸ் புரோட்டகால் அப்படி இல்லை. பெட்டியைத் திறந்தால் சாம்பல் நிறத்தில் கையும் காலும் தனித்தனியாகக் கிடக்கும். நாமே ஒட்டி, நாமே பூச வேண்டும். பசை என்று பெயரே தவிர, அது பொம்மையின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனைக் கரைக்கும் ஒரு கரைப்பான். இரண்டு பக்கமும் கொஞ்சம் உருகி, மூலக்கூறுச் சங்கிலிகள் பின்னிக்கொள்ள, கரைப்பான் ஆவியானதும் இரண்டும் ஒரே துண்டாகிவிடும். அதன்மேல் வண்ணம் ஒட்டுவதற்கான அடிப்பூச்சு, பிரைமர்; அதன்மேல் அக்ரிலிக் வண்ணம். அக்ரிலிக் என்பது தண்ணீரில் மிதக்கும் பிளாஸ்டிக் துளிகள். தண்ணீர் போனதும் துளிகள் நெருக்கியடித்து, நசுங்கி, ஒன்றோடொன்று கலந்து ஒரே படலமாகிவிடும். அப்புறம் தண்ணீர் விட்டுத் தேய்த்தாலும் கரையாது. இதைப் பின்னால் கேப்டனுக்காக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இந்த வாஷ் எதற்கு? பொம்மைமேல் நிழல் தானாகவே விழத்தானே செய்கிறது, தனியாக வேறு நிழல் வரைய வேண்டுமா? வேண்டும். காரணம் நம் கண். நல்ல கண்பார்வைக்கு ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு வரைதான் பிரித்துப் பார்க்க முடியும். ஒரு மீட்டர் தூரத்தில் அது கிட்டத்தட்ட 0.3 மில்லிமீட்டர். பொம்மையின் உடை மடிப்புகளும் தசை இடுக்குகளும் அந்த அளவை ஒட்டியே இருப்பதால், மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு நிழலும் வெளிச்சமும் கலங்கி ஒரே சாம்பலாகத் தெரியும். கருப்பு வெள்ளை காமிக்ஸ் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த வித்தை புதிதல்ல: தாடைக்குக் கீழே ஒரு கருப்புப் பட்டை விழுந்தால்தான் முகம் முகமாகும். பொம்மையில் அந்தப் பட்டையைப் போட்டுத்தருவதுதான் வாஷ். நிறமி குறைவாக, தண்ணீரும் நிறமில்லாத வண்ணத் திரவமும் அதிகமாகக் கரைத்த நீர்த்த வண்ணம். சிட்டாடல் நிறுவனத்தின் நல்ன் ஆயில் என்ற கருப்பு வாஷைப் பூசுகிறவர்கள் கிண்டலாகத் 'திரவத் திறமை' என்பார்கள். புட்டியைத் திறந்து ஊற்றினால் நமக்கே திறமை வந்துவிட்ட மாதிரி தெரியும்.

இனிதான் எனக்குப் பிடித்த பகுதி.

வாஷ் ஏன் பள்ளத்துக்குப் போகிறது என்று கேட்டால் பத்தில் ஒன்பது பேர், "தண்ணீர் பள்ளத்தை நோக்கித்தானே ஓடும்" என்பார்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒருநாள் பூசி முடித்த கையோடு போன் அடித்தது. அவசரத்தில் பொம்மையைப் பிடிகட்டையோடு தலைகீழாக ஒரு டம்ளருக்குள் செருகிவிட்டுப் போனேன். திரும்பி வந்து பார்த்தால், வாஷ் இடுக்குகளிலேயே காய்ந்திருந்தது. அக்குளில் பூசியது அக்குளிலேயே. தலைகீழாக நிற்கும் பொம்மைக்கு அக்குள் என்பது குழியாகத் திறந்திருக்கும், அது பரவாயில்லை. ஆனால் புருவத்துக்கு மேலே இருந்த இடுக்கு அப்போது கூரையாகிவிட்டதே! அங்கிருந்தும் ஒரு சொட்டு இறங்கவில்லை.

புவியீர்ப்பு இங்கே ஆளே இல்லை. தண்ணீரைப் பொறுத்தவரை சுமார் 2.7 மில்லிமீட்டர் என்பது ஓர் எல்லைக்கோடு. அதைவிடப் பெரிய குட்டைகளில் எடை ஆட்சி செய்யும், அதைவிடச் சின்ன இடங்களில் பரப்பு இழுவிசை ஆட்சி செய்யும். நம் இடுக்குகளோ அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. கணக்குப் போட்டே பார்க்கலாம். வாஷின் பரப்பு இழுவிசையை மீட்டருக்கு 30 மில்லிநியூட்டன் என்று வையுங்கள். இடுக்கில் திரவத்தின் மேற்பரப்பு 0.1 மில்லிமீட்டர் ஆரத்தில் உட்குழிந்து வளைந்திருக்கிறது. அந்த வளைவு உண்டாக்கும் உறிஞ்சல் 300 பாஸ்கல். 3 சென்டிமீட்டர் உயரத் தண்ணீர்த் தூணைத் தாங்கும் அழுத்தம் இது. பொம்மையே சுமார் 4 சென்டிமீட்டர்தான். கால் இடுக்கில் வைத்த சொட்டை இடுப்புக்கு மேல் ஏற்றிவிடக்கூடிய பலம்!

பள்ளியில் நுண்புழைக் குழாய் படித்திருப்பீர்கள். குழாய்தான் வேண்டும் என்றில்லை, ஒரு மூலை போதும். 1712இல் புரூக் டெய்லர், ஆமாம், கணக்குப் புத்தகத்து டெய்லர் தொடரின் அதே டெய்லர், இரண்டு கண்ணாடித் தகடுகளை ஒரு பக்கம் ஒட்டியும் மறுபக்கம் லேசாக விலகியும் இருக்கும்படி தண்ணீரில் நிறுத்திப் பார்த்தார். தகடுகள் நெருங்கும் பக்கத்தில் தண்ணீர் உயர உயரப் போய், அழகான ஓர் அதிபரவளையமாக நின்றது. வீட்டில் போட்டோ பிரேம் கண்ணாடி இரண்டு இருந்தால், ஒரு ஓரத்தில் தீக்குச்சியைச் செருகி, ரப்பர் பேண்ட் போட்டு, தட்டில் கொஞ்சம் காபித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஒரு நிமிஷ வேலை.

அப்படியானால் எல்லா மூலையிலும் எல்லாத் திரவமும் ஏறுமா? ஏறாது. இங்கேதான் 1969இல் பால் காங்கஸ், ராபர்ட் ஃபின் என்ற இரண்டு கணிதவியலாளர்கள் ஒரு நிபந்தனையைக் கண்டார்கள். திரவம் ஒரு பரப்பைத் தொடும் கோணம் இருக்கிறதே, சேர்கோணம், அதையும் இடுக்கு விரிந்திருக்கும் கோணத்தில் பாதியையும் கூட்டுங்கள். கூட்டுத்தொகை 90 டிகிரிக்குக் கீழே இருந்தால் திரவம் மூலையைப் பிடித்துக்கொண்டு ஓடிக்கொண்டே இருக்கும். மேலே போனால் ஓட்டம் நின்றுவிடும். 'கொஞ்சம் ஓடும், கொஞ்சம் ஓடாது' என்ற பேச்சே இல்லை.

பொம்மையில் வைத்துப் பார்ப்போம். புஜத்துக்கும் மார்புக்கும் நடுவே 60 டிகிரி இடுக்கு. பாதி 30. ஆகவே சேர்கோணம் 60க்குக் கீழே இருக்க வேண்டும். வெறும் பாலிஸ்டைரீன் மேல் சுத்தத் தண்ணீரின் சேர்கோணம் கிட்டத்தட்ட 90. அதாவது பிரைமர் அடிக்காத பொம்மையில் தண்ணீரில் மட்டும் கரைத்த வண்ணத்தை வைத்தால் தாமரை இலைத் தண்ணீர் மாதிரி முத்து முத்தாக நின்று நம்மைப் பார்த்துச் சிரிக்கும். பிரைமரும், வாஷில் கலந்திருக்கும் சோப்பு மாதிரியான பொருளும் சேர்ந்து சேர்கோணத்தைக் கீழே இறக்குகின்றன. எல்லையைத் தாண்டியதும், படக்கென்று இடுக்கு முழுக்க ஒரு கருப்புக் கோடு ஓடும். பிரஷ் நுனியை ஓர் இடத்தில் தொட்டுவிட்டு அது ஓடுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

இதே மூலை விதியைத்தான் விண்வெளி வீரர் டான் பெட்டிட் 2008இல் காபி குடிக்கப் பயன்படுத்தினார். எடையற்ற நிலையில் கோப்பையைச் சாய்த்தால் காபி வராது. அவர் ஒரு பிளாஸ்டிக் தாளை மடித்து, ஒரு பக்கம் கூர்மையான மூலை வரும்படி கோப்பை செய்தார். காபி தானாகவே மூலைவழியே ஏறி உதட்டுக்கு வந்தது. டாக்டர் ஆக்டோபஸின் இடுக்கில் நடப்பதும் இதுதான்.

சோப்பு என்றதும் ஒரு பெண்ணைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் ஆக்னஸ் பாக்கெல்ஸ், பெண்களைப் பல்கலைக்கழகத்தில் சேர்க்காத காலத்தில், வீட்டில் இருந்தபடியே ஒரு தகரத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, ஒரு சின்னப் பொத்தானை மேற்பரப்பிலிருந்து தூக்க எவ்வளவு விசை தேவை என்று அளந்தார். எண்ணெயும் அழுக்கும் பட்டால் பரப்பு இழுவிசை எப்படி மாறுகிறது என்பதை அப்படியே கண்டார். 1891இல் இங்கிலாந்து இயற்பியலாளர் ரேலி பிரபுவுக்குக் கடிதம் எழுதினார். ரேலி அதை நேச்சர் இதழுக்கு அனுப்பி அச்சேற்றினார். இந்தக் கதையைச் சொல்லி, "பார், பணமே இல்லாமல் ஆராய்ச்சி செய்யலாம்" என்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். பாக்கெல்ஸுக்கு ஓர் ஆய்வகம் கிடைத்திருந்தால் என்னென்ன செய்திருப்பார் என்றல்லவா கேட்க வேண்டும்?

சரி, கேப்டனின் வளையத்துக்கு வருவோம். நட்சத்திரத்தின் மேல் இடுக்கு இல்லை, தட்டையான, லேசாகப் புடைத்த மார்பு. அங்கே வைத்த சொட்டுக்கு ஓட வழியில்லை. பிரைமரின் சொரசொரப்பில் சொட்டின் விளிம்பு மாட்டிக்கொள்கிறது. நடுவைவிட விளிம்பில் ஆவியாதல் வேகமாக நடக்கும். விளிம்பு உள்வாங்க முடியாததால், அங்கே போன தண்ணீரை ஈடுகட்ட நடுவிலிருந்து தண்ணீர் ஓடிவர வேண்டியிருக்கிறது. வரும்போது நிறமித் துகள்களையும் கூட்டிக்கொண்டு வந்து கரையில் இறக்கிவிட்டு, தான் மட்டும் ஆவியாகிவிடுகிறது. காபிக் கறையின் ஓரம் கருத்திருப்பதும் இதனால்தான். இதை 1997இல்தான் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் டீகனும் கூட்டாளிகளும் தெளிவாக விளக்கினார்கள். மனிதர்கள் எத்தனை நூற்றாண்டுகளாகக் காபி சிந்தியிருக்கிறார்கள்! 2011இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இன்னொரு குழு, உருண்டைத் துகள்களுக்குப் பதில் நீள்உருண்டைத் துகள்களைப் போட்டால் வளையமே விழாது என்று காட்டியது. நீண்ட துகள்கள் மேற்பரப்பில் கோத்துக்கொண்டு கரைக்கு நகர மறுக்கின்றன. "காபிக் கறையை ஆராய நிதி வேண்டும்" என்று நம் ஊரில் விண்ணப்பம் போட்டால் கமிட்டியில் சிரித்தே அனுப்பிவிடுவார்கள் என்பது என் கணிப்பு. இன்க்ஜெட் அச்சில் சொட்டு சீராகக் காய வேண்டும் என்று கவலைப்படுகிறவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

ஆக வாசகரின் இரண்டு படங்களிலும் நடப்பது ஒரே பரப்பு இழுவிசையின் வேலை. இடுக்கு இருந்தால் அதற்குள் இழுக்கிறது. இல்லாவிட்டால் கரைக்கு ஒதுக்குகிறது. அதனால்தான் தட்டையான இடத்தில் குளம் கட்டவிடாமல், ஈரமான வெறும் பிரஷை அதன்மேல் வைத்து உறிஞ்சி எடுக்கச் சொல்கிறார்கள். பிரஷ் மயிர்களுக்கு இடையே உள்ளவையும் இடுக்குகள்தானே, மார்பைவிட அவை நன்றாக இழுக்கும். பாதி காய்ந்த பிறகு மட்டும் தொடாதீர்கள். ஓரத்தில் படலம் கட்டியிருக்கும், நடுவில் ஈரமாக இருக்கும். பிரஷ் பட்டதும் பிய்ந்து வரும். சென்னையில் மழைக்காலச் சாயங்காலங்களில் காற்றில் ஈரம் கூடுதலாக இருப்பதால் காய நேரமாகும். பொறுமை இல்லாமல் ஒருமுறை கேப்டன் மார்வெலுக்கு ஹேர் டிரையர் காட்டினேன். காற்று, இடுக்கில் இருந்த வாஷைத் தட்டைக்குத் தள்ளி, அங்கேயே காயவைத்துவிட்டது. முதுகு முழுக்க வரைபடம்.

வாசகர் கடைசியில் ஒரு குறிப்பும் சேர்த்திருந்தார்: புதிதாகப் பூசிய பொம்மை முதல் ஆட்டத்திலேயே அடிபட்டு விழும் என்று நண்பர்கள் சொல்கிறார்களாம், உண்மையா என்று. எங்கள் குழுவிலும் இந்த நம்பிக்கை உண்டு. ராசியில்லாத பகடையை அடுத்தவர் தொடவிடாதவரும் உண்டு. கிரைசிஸ் புரோட்டகாலின் எட்டு முகப் பகடையில் தாக்குபவருக்கு நான்கு முகங்கள் வெற்றி. 5 பகடை உருட்டி ஒன்றுகூட விழாமல் போக 32இல் 1 வாய்ப்பு. ஒரு நாளில் அப்படி 30 முறை உருட்டினால், ஒருமுறையாவது இந்த அவமானம் நேர வாய்ப்பு 60 சதவீதத்துக்கும் மேல். பழைய பொம்மைக்கு நேர்ந்தால் மறந்துவிடுவோம். மூன்று ராத்திரி கண்விழித்துப் பூசியவனுக்கு நேர்ந்தால் மறக்குமா? போதாக்குறைக்கு, புதிதாகப் பூசியதை எல்லாரும் பார்க்கட்டும் என்று முன்வரிசையில் கொண்டுபோய் நிறுத்துவதும் நாமேதான்.

கேப்டன் அமெரிக்காவைப் பொறுத்தவரை, வளையத்தைத் தண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டாம். அந்த அக்ரிலிக் துளிகள் இப்போது ஒரே படலம். வெள்ளையை மெல்லியதாக இரண்டு பூச்சு கொடுங்கள், மறைந்துவிடும். பிறகு நட்சத்திரத்தின் விளிம்புக்கோட்டில் மட்டும் பிரஷ் நுனியால் வாஷைத் தொட்டு வையுங்கள். அப்படியே கேப்டனைத் தலைகீழாகப் பிடித்து ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.