ஆற்றைவிட உயரத்தில் ஓடிய வாய்க்கால்

1878 ஜனவரியில் அரிசோனாவின் சால்ட் ஆற்றங்கரைக்கு மாட்டு வண்டிகளும் குதிரை வண்டிகளுமாக ஒரு கூட்டம் வந்து சேர்ந்தது. ஐடஹோ, யூட்டா பகுதிகளிலிருந்து முந்தைய செப்டம்பரில் கிளம்பிய, மோர்மன் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பங்கள் அவை. அவர்கள் கிளம்பியபோது, அவர்களுடைய தலைவர் பிரிகாம் யங் இறந்து சில வாரங்களே ஆகியிருந்தன. 1847இல் சால்ட் லேக் பள்ளத்தாக்கில் காலூன்றிய காலத்திலிருந்தே, பாலையில் ஓடையை மறித்துப் பாசனம் செய்வது இந்தச் சமூகத்துக்குக் கைவந்த வேலை.

ஆற்றை ஒட்டிய தாழ்நிலத்தில் டேனியல் ஜோன்ஸ் என்பவரின் குழு 1877இலேயே குடியேறியிருந்தது. அந்த இடம்தான் பின்னாளில் லீஹை ஆனது. அங்கே வாய்க்கால் வெட்ட ஓதம் பழங்குடியினரும் கைகொடுத்தார்கள். புதிதாக வந்தவர்களின் கண்ணோ தெற்கே இருந்த மேட்டுநிலத்தின்மீது விழுந்தது. மேசைபோல் தட்டையான மேடு. ஸ்பானிய மொழியில் 'மேசா'; பின்னர் அங்கே எழுந்த ஊருக்கும் அதுவே பெயரானது. வெள்ளம் எட்டாத நல்ல மண். ஆனால் ஆறு கீழே ஓடுகிறது. பம்பும் இல்லை, மின்சாரமும் இல்லை. தண்ணீர் மேடேறுவது எப்படி?

தண்ணீர் மேடேறவில்லை என்பதுதான் விடை. அது கீழ்நோக்கியேதான் ஓடியது, ஆற்றைவிட மெதுவாகக் கீழிறங்கியது, அவ்வளவுதான். ஒரு கணக்குக்காக, ஆறு கிலோமீட்டருக்கு ஒன்றரை மீட்டர் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அதிலிருந்து பிரியும் வாய்க்காலுக்கு அரை மீட்டர் மட்டுமே வாட்டம், அதாவது சரிவு, கொடுத்தால், பத்து கிலோமீட்டர் தாண்டும்போது ஆறு பதினைந்து மீட்டர் இறங்கியிருக்கும். வாய்க்கால் ஐந்து மீட்டர்தான் இறங்கியிருக்கும். இப்போது வாய்க்கால் ஆற்றைவிடப் பத்து மீட்டர் உயரத்தில் நிற்கிறது! எனவே மேட்டில் பயிர் செய்ய விரும்புகிறவர் ஆற்றோட்டத்துக்கு எதிராக வெகுதூரம் மேலே போய், வாய்க்கால் பிரியும் தலைமடையை வைக்க வேண்டும்.

சிக்கல் வாட்டத்தின் அளவில் இருக்கிறது. அதிகமானால் தண்ணீர் வேகமெடுத்துக் கரையை அரித்துத் தின்றுவிடும். குறைந்தால் வேகம் தளர்ந்து, சுமந்துவரும் வண்டலை வழியிலேயே இறக்கிவைத்துவிடும், வாய்க்கால் தூர்ந்துபோகும். இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள குறுகிய இடைவெளியைக் கிலோமீட்டர் கணக்கில் பிசகாமல் பிடிக்க வேண்டும். ரசமட்டம் கையில் இருந்தாலும் எளிதல்ல.

நல்லவேளையாக, அந்தக் கணக்கை வேறு யாரோ முன்பே போட்டு வைத்திருந்தார்கள். சார்லஸ் கிரிஸ்மன், தியோடர் சிரைன் போன்றோர் மேட்டைச் சுற்றிப் பார்த்தபோது புதர் மண்டிய நீளமான பள்ளங்கள் தென்பட்டன. ஹோஹோகம் என்ற பழங்கால மக்கள் வெட்டி, சில நூற்றாண்டுகளுக்கு முன் கைவிடப்பட்ட கால்வாய்கள் அவை. சுமார் 1450 வரை சால்ட் ஆற்றுப் பள்ளத்தாக்கில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அவர்கள் கால்வாய் வெட்டியிருந்தார்கள். அவர்களிடம் இரும்பும் இல்லை, இழுவை மாடும் இல்லை. கல்லாலும் மரத்தாலும் செய்த கருவிகள்தான். சில தலைமைக் கால்வாய்கள் ஆள் உயரத்தைவிட ஆழமானவை.

எனக்கு வியப்பூட்டுவது ஆழம்கூட அல்ல. தலைமடையில் அகலமாகத் தொடங்கும் கால்வாய், கிளைகள் பிரியப் பிரியக் குறுகிக்கொண்டே போகிறது. வழியில் தண்ணீர் குறைந்துகொண்டே வரும்போது அகலம் மட்டும் அப்படியே இருந்தால் ஓட்டம் சோம்பிப் போகும், வண்டல் படியும். வாயைக் குறுக்கினால் வேகம் நிலைக்கும். சமன்பாடு எழுதாமலே இதைக் கண்டுகொண்டவர்கள், பல தலைமுறைகள் தூர்வாரித் தூர்வாரிக் கற்றிருக்க வேண்டும்.

மோர்மன்கள் அந்தப் பழைய தடத்தையே பிடித்துக்கொண்டார்கள். தூரை அள்ளினார்கள், தேவைப்பட்ட இடத்தில் புதிதாக வெட்டினார்கள், 1878 ஏப்ரலில் தண்ணீர் விட்டார்கள். 1883இல் மேசா முறைப்படி நகரமானபோது மக்கள்தொகை ஏறக்குறைய 300. இதே ஆற்றின் மறுகரையில் ஜாக் ஸ்வில்லிங் 1867இலேயே ஹோஹோகம் கால்வாய்களுக்கு உயிர்கொடுத்திருந்தார். சாம்பலிலிருந்து எழும் பறவையின் பெயரான ஃபீனிக்ஸ் அங்கே எழுந்த ஊருக்கு வாய்த்தது அதனால்தான்.

பாலை ரோஜாவாகப் பூக்கும் என்ற, பைபிள் தீர்க்கதரிசி ஏசாயாவின் வாக்கு இக்குடியேற்றக் கதைகளில் தவறாமல் வரும். நம்பிக்கையும் கூட்டு உழைப்பும் உண்மைதான், மறுக்கவில்லை. சில மாதங்களில் நீர் வந்தது என்றால், பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருந்ததுதான் காரணம் என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். ஓதம் மக்கள் ஹோஹோகத்தாரைத் தம் மூதாதையராகவே கருதுகிறார்கள்.

ஆற்றின் குறுக்கே கல்லும் தழையும் போட்ட தடுப்புகளை வெள்ளம் அடித்துப்போகும் தொல்லை, 1908இல் கிரானைட் ரீஃப் தடுப்பணை வந்த பிறகே தணிந்தது. மேசாவில் இன்று 'கால்வாய்களின் பூங்கா' என்றொரு இடம் இருக்கிறது. அங்கே ஹோஹோகத்தார் வெட்டி, 1878இல் குடியேறிகள் தூர்வாரிய பள்ளம் நீரில்லாமல் கிடக்கிறது.