அளந்தபின் வடிகட்டினால் ஏன் பலிக்காது?

ஒரு சென்சார் தரும் மின்னழுத்தத்தை நொடிக்கு 1000 முறை அளக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். அந்த வயரில் எங்கிருந்தோ 990 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 990 சுற்று) இரைச்சல் ஏறிவிட்டது. திரையில் அது 990 ஆகத் தெரியாது. சாவகாசமாக ஏறி இறங்கும் 10 ஹெர்ட்ஸ் அலையாகத் தெரியும்.

மாயம் ஒன்றுமில்லை. ஓர் அளவுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 1 மில்லிநொடி. அதற்குள் இரைச்சல் 0.99 சுற்றுதான் முடித்திருக்கும்; ஒவ்வொரு முறையும் நூற்றில் ஒரு பங்கு பின்தங்கும். 100 அளவுகள் எடுப்பதற்குள் நிஜத்தில் ஓடியது 99 சுற்று. நம்மிடம் உள்ள புள்ளிகளைக் கோடிட்டு இணைத்தாலோ ஒரே ஒரு சுற்று! சினிமாவில் வண்டிச் சக்கரம் பின்னோக்கிச் சுழலுமே, அதே கதைதான். இதற்கு ஏலியாசிங் என்று பெயர்.

‘சாஃப்ட்வேரில் வடிகட்டிக்கொள்ளலாமே’ என்று தோன்றும். எண்ணாக மாறியபின் நிஜமான 10 ஹெர்ட்ஸ் அதிர்வும் இந்தப் போலியும் அச்சு அசல் ஒன்றுதான். ஒன்றை அழித்தால் மற்றதும் போய்விடும். அதனால்தான் அளக்கும் வேகத்தில் பாதிக்கு மேல், இங்கே 500 ஹெர்ட்ஸுக்கு மேல், உள்ளதை, மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் ஏடிசி சிப்புக்குள் நுழையுமுன்பே அடக்கிவிட வேண்டும்.

எளிய வழி: 1.6 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்று, 1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று. மெதுவான மாற்றத்தோடு கெப்பாசிட்டர் கூடவே போகும்; வேகமான ஆட்டத்துக்கு அது நிரம்பி வடிய நேரம் போதாது. சுமார் 100 ஹெர்ட்ஸிலிருந்து தணிக்கத் தொடங்கி, 990 ஹெர்ட்ஸைப் பத்தில் ஒரு பங்காக்கும். பெரும்பாலும் இது போதாது. அதனால் டெல்டா-சிக்மா வகை ஏடிசிகள் வேறு வழியில் போகின்றன: நொடிக்குப் பல லட்சம் முறை அளந்து, சிப்புக்குள்ளேயே கணக்குப் போட்டு வடித்து, குறைந்த வேகத்தில் வெளியே தருகின்றன. அத்தனை வேகத்தில் அளக்கும்போது போலியாக மாறக்கூடிய இரைச்சல் வெகு மேலே போய்விடும். அதை அடக்க முன்னால் அந்த இரண்டு பாகங்களே போதும்.

எந்த வடிகட்டியும் இலவசமில்லை, நேரத்தைக் கேட்கும். மேலே சொன்ன ரெசிஸ்டர்-கெப்பாசிட்டர் ஜோடியின் கால மாறிலி, அதாவது அது எவ்வளவு மெதுவாகப் பின்தொடரும் என்பதன் அளவு, 1.6 மில்லிநொடி. உள்ளீடு திடீரென்று தாவினால், 16 பிட் துல்லியத்துக்கு (65,536-ல் ஒரு பங்கு) நிலைகொள்ள அதுபோல 11 மடங்கு, சுமார் 18 மில்லிநொடி ஆகும். அவசரப்பட்டு அளந்தால் பாதி வழியில் உள்ள எண்தான் கிடைக்கும்.

மின்கம்பி இரைச்சல் நாட்டைப் பொறுத்து 50 அல்லது 60 ஹெர்ட்ஸ்; நம் 500-க்கு வெகு கீழே என்பதால் அதை அளந்தபின்பும் நீக்கலாம். அதற்கு எனக்குப் பிடித்த தந்திரம் ஒன்று உண்டு: 100 மில்லிநொடிக்குச் சராசரி எடுப்பது. அதற்குள் 50 ஹெர்ட்ஸ் சரியாக 5 சுற்று, 60 ஹெர்ட்ஸ் சரியாக 6 சுற்று. மேடும் பள்ளமும் கழிந்து இரண்டுமே பூஜ்யமாகிவிடும். ஆனால் நொடிக்குப் பத்து அளவுகள்தான் மிஞ்சும். வெப்பநிலைக்கு அது தாராளம். மோட்டார் அதிர்வுக்கு ஒன்றுக்கும் உதவாது.