டிஸ்சார்ஜுக்குத் தனி ஆள் எதற்கு என்று கேட்பவர்களுக்கு

சர்க்கரை 42-க்கு இறங்கி, வியர்த்துக் கொட்டி, நினைவு தப்பிய நிலையில் ஒரு பெரியவரைக் கொண்டுவந்தார்கள். வேறொரு மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பி நாலு நாள்தான் ஆகியிருந்தது. மகள் நீட்டிய மருந்துப் பையைக் கொட்டிப் பார்த்தேன். வீட்டில் முன்பே இருந்த அட்டை ஒன்று, டிஸ்சார்ஜில் கொடுத்த அட்டை ஒன்று. பெயர்தான் வேறு, இரண்டும் சர்க்கரையைக் குறைக்கும் அதே கிளைமிபிரைடு மாத்திரை. இரண்டையும் வேளை தவறாமல் கொடுத்திருக்கிறார். பழையதை நிறுத்தச் சொல்லி யாரும் அவரிடம் சொல்லவில்லை. (இந்த மாத்திரையால் இறங்கிய சர்க்கரை, குளுக்கோஸ் ஏற்றிய பிறகும் மறுபடி இறங்கும். அட்மிட் செய்தே ஆக வேண்டும்.)

இப்படி எத்தனை பேரைத்தான் பார்ப்பது!

டிஸ்சார்ஜ் திட்டமிடத் தனி ஆள் போடுங்கள் என்றால் நிர்வாகம் சொல்வது: "சம்மரியை டாக்டர் எழுதுகிறார், மருந்தை நர்ஸ் விளக்குகிறார், அப்புறம் என்ன?" சம்மரி அடுத்த டாக்டருக்கான குறிப்பு. வீட்டில் என்ன செய்வது என்பதற்கு அதில் பதில் கிடையாது. நர்ஸோ ஒரு கையில் டிரிப், மறு கையில் அடுத்த நோயாளியின் ஃபைல் என்று நிற்கிறார். ஐந்து நிமிடத்தில், எதிரே நிற்பவர் யாரோ அவரிடம் சொல்லிவிட்டுப் போகிறார். மாத்திரை கொடுக்கப்போகிறவர் அந்த நேரம் பில் கவுண்டரில் இருப்பார். இதை விளக்கம் என்று எப்படிச் சொல்வது?

அனுபவமுள்ள ஒரு நர்ஸோ மருத்துவ சமூகப் பணியாளரோ இதையே முழுநேர வேலையாகச் செய்ய வேண்டும். அதுவும் கடைசி நாளில் இல்லை, அட்மிட் ஆன ஓரிரு நாளிலேயே தொடங்க வேண்டும். வீட்டில் படி எத்தனை, பகலில் கூட யார் இருப்பார், புண்ணுக்குக் கட்டு யார் மாற்றுவார், நோயாளி போய்ச் சேரும் முன் ஆக்சிஜன் வந்துவிடுமா? பழைய மருந்தையும் புது மருந்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதும் அவர் வேலைதான்.

அமெரிக்காவில் சில நோய்களுக்கு, 30 நாளுக்குள் திரும்பி வரும் நோயாளிகள் அளவுக்கு மீறினால், முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் அந்த மருத்துவமனைக்குத் தரும் தொகையில் 3% வரை பிடித்துக்கொள்கிறது. 2012 அக்டோபரில் தொடங்கியது. பணத்தில் கை வைத்தால்தான் நமக்கு உறைக்குமா?

நிர்வாகிகளே, வெள்ளிக்கிழமை மாலை ஆட்களை அவசரமாக அனுப்பாதீர்கள். சனி, ஞாயிறு சந்தேகம் கேட்க யாரும் கிடைக்க மாட்டார்கள்.

குடும்பத்தாருக்கு: வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் அள்ளிக்கொண்டு வாருங்கள். எதை நிறுத்துவது என்று கேளுங்கள். கேட்டதை நீங்களே ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள், கூச்சம் வேண்டாம். ராத்திரி ஏதாவது ஆனால் யாரைக் கூப்பிடுவது என்று நம்பரோடு எழுதி வாங்காமல், தயவுசெய்து வார்டை விட்டுக் கிளம்பாதீர்கள்.